அலுவலக மென்பொருளைப் பயன்படுத்துபவர்களைப் புரிந்துகொள்வது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

லட்சக்கணக்கில் பணம் போட்டு இ.ஆர்.பி மென்பொருள் (கொள்முதல், சரக்கு, கணக்கு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பதியும் மென்பொருள்) வாங்கிய ஒரு நிறுவனத்தின் ஸ்டோர் அறைக்குள் போய்ப் பாருங்கள். மேசையில் கணினி இருக்கும். அதன் பக்கத்தில் கோடு போட்ட நீள நோட்டும் இருக்கும். சரக்கு வந்து இறங்கியதும் ஸ்டோர் கீப்பரின் கை முதலில் நோட்டைத்தான் தேடும். மாலையில் அந்த நோட்டைப் பார்த்துக் கணினியில் ஏற்றுவார். "பழக்கத்தை மாற்றிக்கொள்ள மாட்டேன் என்கிறார்கள்" என்பார் முதலாளி. "இன்னும் பயிற்சி கொடுக்க வேண்டும்" என்பார் மென்பொருள் விற்றவர். நோட்டு எழுதுகிற மனிதரிடம் இருவரும் எதையும் கேட்டிருக்க மாட்டார்கள்.

அந்த நோட்டுக்குக் காரணம் உண்டு. வேலையின் அவசரமோ, தவறு நடந்தால் பழி யார் தலையில் விழும் என்ற கணக்கோ, யார் உழைப்பில் யாருக்குப் பலன் என்ற கேள்வியோ அதற்குள் இருக்கும். அதைக் கண்டுபிடிக்கும் முறையைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். மென்பொருள் உருவாக்குபவர்களுக்கும், நிறுவனங்களில் அதை நிறுவித் தருபவர்களுக்கும், எந்த மென்பொருளை வாங்குவது என்று முடிவெடுப்பவர்களுக்கும் இது பயன்படும். பேச்சு அந்தரத்தில் நிற்காமல் இருக்க, திருப்பூரில் ஒரு நடுத்தரப் பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். நூல் வாங்கி, வெளியே நிட்டிங்குக்கும் சாயப்பட்டறைக்கும் கொடுத்து, துணியைத் திரும்பப் பெற்று, சொந்தக் கூடத்தில் வெட்டித் தைத்து அனுப்புகிற நிறுவனம் அது.

படி 1: எந்த முடிவுக்காக இந்த ஆய்வு?

"பயனர்களைப் புரிந்துகொள்ள வேண்டும்" என்று மட்டும் தொடங்கினால் குறிப்புகள் மலையாகச் சேரும், ஒரு முடிவும் பிறக்காது. கேள்வியை ஒரே வரியில் எழுதுங்கள். "சரக்கு வரவு ஏன் மாலையில்தான் கணினியில் ஏறுகிறது?" "மெர்ச்சண்டைசர்கள் (வாடிக்கையாளரின் ஆர்டரைத் தொடக்கம் முதல் கவனிப்பவர்கள்) ஏன் ஆர்டர் நிலவரத்தை எக்செலில் தனியாக வைத்திருக்கிறார்கள்?" பதில் கிடைத்தால் எதை மாற்ற முடியும் என்பதையும் அதன் கீழே எழுதுங்கள். திரையை மாற்றலாமா, வேலைமுறையை மாற்றலாமா, அல்லது மென்பொருளையே கைவிட வேண்டியிருக்குமா? மாற்றும் அதிகாரம் யாரிடமும் இல்லாத விஷயத்தை ஆராய்ந்து ஊழியர்களின் நேரத்தை எடுத்துக்கொள்வது நியாயமில்லை.

இந்தக் கட்டத்திலேயே மனதில் பதிக்க வேண்டிய ஓர் உண்மை உண்டு. அலுவலக மென்பொருளை வாங்குபவர் ஒருவர், பயன்படுத்துபவர் வேறொருவர். கைபேசியில் ஒரு செயலி பிடிக்கவில்லை என்றால் நீக்கிவிடலாம். பில்லிங் கிளார்க்கால் பில்லிங் மென்பொருளை நீக்க முடியாது. அதனால் அவருடைய அதிருப்தி வேறு வடிவத்தில் வெளிவரும். பதிவு தாமதமாகும். தொலைபேசி எண் கேட்கும் கட்டத்தில் பத்து பூஜ்யங்கள் இருக்கும். 'குறிப்பு' என்ற கட்டாயக் கட்டத்தில் ஒரே ஒரு புள்ளி இருக்கும். "தினமும் நூறு பேர் உள்நுழைகிறார்கள்" என்ற எண்ணிக்கையை வைத்து மென்பொருள் வெற்றி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அவர்களுக்கு வேறு வழியில்லை.

படி 2: யாரைப் பார்ப்பது?

பதவிப் பட்டியலை வைத்து ஆட்களைத் தேர்ந்தெடுப்பது எளிது, ஆனால் பயன் குறைவு. 'அக்கவுண்டன்ட்' என்ற ஒரே பதவியில் இருக்கும் இருவரில் ஒருவர் நாள் முழுவதும் வவுச்சர் போடுவார், மற்றவர் நாள் முழுவதும் பாக்கி வசூலுக்குப் போன் பேசுவார்.

நான் பரிந்துரைப்பது காகிதத்தைப் பின்தொடரும் முறை. சரக்கோடு கூடவே போகும் சீட்டான ஒரு டெலிவரி சலானை எடுத்துக்கொள்ளுங்கள். துணி சாயப்பட்டறைக்குப் போகும்போது அதை எழுதியவர் யார்? எடை போட்டவர் யார்? வண்டியில் எடுத்துப்போனவர், பட்டறையில் கையெழுத்திட்டவர், துணி திரும்பி வந்ததும் எடைக் குறைவைக் கணக்கிட்டவர், பட்டறையின் பில்லைச் சரிபார்த்தவர், பணம் அனுப்பியவர் என்று ஒவ்வொருவராகப் போங்கள். அந்தச் சலானைத் தொட்ட எல்லோரும் உங்கள் மென்பொருளின் பயனர்களே, கணினியைத் தொடாதவர்கள் உட்பட. மென்பொருளில் பெயரே இல்லாத ஒரு தையல்கூட சூப்பர்வைசர்தான் சில சமயம் மற்றவர்களின் எல்லாப் பதிவுகளையும் தீர்மானிப்பவராக இருப்பார்.

மேலாளர் தன்னுடைய திறமையான ஆளைத்தான் முதலில் காட்டுவார். மறுக்காமல் அவரைப் பாருங்கள், பிறகு மற்றவர்களையும் கேளுங்கள். போன மாதம் சேர்ந்தவர், பல வருடம் அங்கேயே இருப்பவர், இரவு ஷிப்ட்டில் இருப்பவர், மென்பொருளைத் தவிர்க்கிறார் என்று பெயர் வாங்கியவர், எல்லோரும் சந்தேகம் கேட்க ஓடிவருகிற ஆள் ஆகியோர் கட்டாயம் வேண்டும். ஒரே பாஸ்வேர்டை நான்கு பேர் பகிர்கிறார்களா என்றும் விசாரித்துக்கொள்ளுங்கள். பிறகு பதிவுகளைப் படிக்கும்போது இது தேவைப்படும். ஒரு வகை வேலைக்கு ஐந்தாறு பேரைப் பார்த்தால் பெரும்பாலும் போதும். அடுத்தவர் புதிதாக எதுவும் சொல்லவில்லை என்றால் அந்த வகையை முடித்துக்கொள்ளலாம்.

படி 3: பயத்தை முதலில் அகற்றுங்கள்

குறிப்பேட்டோடு ஒருவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தால், எந்த ஊழியருக்கும் முதலில் தோன்றுவது "என்னை வேலையை விட்டு எடுக்கப் போகிறார்களா?" என்பதுதான். அந்தப் பயம் இருக்கும்வரை அவர் விதிமுறைப்படி வேலை செய்து காட்டுவார், நோட்டு இழுப்பறைக்குள் ஒளிந்துகொள்ளும்.

வேலைக்குப் போகும் முன்பே நிர்வாகத்திடம் ஒரு வாக்குறுதி வாங்குங்கள்: யார் என்ன சொன்னார் என்று பெயரோடு கேட்கக்கூடாது. இதற்கு ஒப்புக்கொள்ளாத நிர்வாகத்துக்காக இந்த ஆய்வைச் செய்யாதீர்கள். பிறகு ஊழியரிடம் நேராகச் சொல்லுங்கள். "அண்ணே, உங்கள் வேலையைச் சோதிக்க வரவில்லை. இந்த மென்பொருள் உங்களுக்கு எங்கே இடைஞ்சலாக இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வந்திருக்கிறேன். நீங்கள் சொல்வதை உங்கள் பெயரில் எழுத மாட்டேன். வேண்டாம் என்று தோன்றினால் எப்போது வேண்டுமானாலும் நிறுத்திக்கொள்ளலாம்." வயதையும் ஊர் வழக்கத்தையும் பார்த்து அண்ணே, அக்கா, சார், மேடம் என்று பொருத்தமாக அழையுங்கள். திரையைப் படமெடுப்பதானால் தனியாக அனுமதி கேளுங்கள். வாடிக்கையாளர் பெயர், சம்பளம், வங்கி விவரம் தெரிந்தால் மறைத்துவிடுங்கள். மேலாளரைப் பக்கத்தில் நிற்க விடாதீர்கள்.

படி 4: வேலை நடக்கும் இடத்தில் உட்கார்ந்து பாருங்கள்

மொத்த முறைக்கும் இதுதான் அடித்தளம். கூட்ட அறையில் காபி கொடுத்துக் கேட்டால் வேலை எப்படி நடக்க வேண்டும் என்று சொல்வார்கள். உண்மையில் எப்படி நடக்கிறது என்பது மேசையில்தான் தெரியும்.

மானுடவியலாளர் லூசி சச்மன் 1980களில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் இருந்தபோது, நகலெடுக்கும் இயந்திரத்தோடு மக்கள் மல்லுக்கட்டுவதை வீடியோவில் பதிவுசெய்து நிதானமாக ஆராய்ந்தார். கணினித் துறையில் கரைகண்ட ஆய்வாளர்களே இரண்டு பக்க நகல் எடுக்கத் திணறினார்கள். மனிதர்கள் முன்கூட்டியே வகுத்த திட்டத்தை வரிசையாக நிறைவேற்றுவதில்லை, கண்முன் நடப்பதைப் பார்த்து அடுத்த அடியைத் தீர்மானிக்கிறார்கள் என்பதே 1987இல் வெளியான அவருடைய ஆய்வின் சாரம். மென்பொருள் நிறுவனங்கள் வரைகிற நேர்கோட்டு வேலைப்படங்கள் கூடத்தில் பலிக்காமல் போவதற்குக் காரணம் இதில் இருக்கிறது.

எப்படி உட்காருவது என்பதற்கு ஹியூ பேயரும் கரேன் ஹோல்ட்ஸ்பிளாட்டும் 1990களில் ஒரு தெளிவான வழி சொன்னார்கள். தொழில் பழக வந்தவர் ஆசானிடம் நடந்துகொள்வதுபோல நடந்துகொள்ள வேண்டும். அவர் வேலையைச் செய்வார், நீங்கள் பார்ப்பீர்கள், புரியாதபோது மட்டும் கேட்பீர்கள். மென்பொருள் உங்களுடையதாகவே இருந்தாலும், அந்த மேசையில் உங்களைவிட அவருக்குத்தான் வேலை தெரியும். அவர் தவறான பொத்தானை அழுத்தும்போது திருத்த வாயெடுக்காதீர்கள். அங்கே ஏன் கை போனது என்பதுதான் உங்களுக்குத் தேவை.

எந்த நாளில் போகிறோம் என்பதும் முக்கியம். மாதத்தின் நடுவில் அமைதியான ஒரு செவ்வாய்க்கிழமை பார்த்துவிட்டு வந்தால் பாதிதான் தெரியும். 2017 ஜூலை 1 அன்று ஜி.எஸ்.டி வந்த பிறகு, மாதாமாதம் கணக்குத் தாக்கல் செய்யும் நிறுவனங்களின் கணக்குப் பிரிவுக்கு நாட்காட்டியே மாறிவிட்டது. விற்பனை விவரம் 11ஆம் தேதிக்குள், வரிச் சுருக்கம் 20ஆம் தேதிக்குள் போயாக வேண்டும். அந்தத் தேதிகளுக்கு முந்தின நாட்களில் ஒருமுறை போங்கள். கன்டெய்னர் கிளம்ப வேண்டிய நாளில் பேக்கிங் பிரிவுக்குப் போங்கள். நெருக்கடியில் எந்த விதி முதலில் கைவிடப்படுகிறதோ, அந்த விதியை எழுதியவர்கள் வேலையைச் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை என்று சந்தேகிக்கலாம்.

எதைக் கவனிப்பது? திரையின் ஓரத்தில் ஒட்டிய சீட்டுகள். விசைப்பலகைக்கு அடியில் வைத்த குறியீட்டு எண் பட்டியல். மென்பொருளிலிருந்து எக்செலுக்கும் எக்செலிலிருந்து வாட்ஸ்அப்புக்கும் ஒரே எண் எத்தனை முறை நகர்கிறது என்பது. நடுவில் வரும் போன், அது முடிந்து திரும்பியபோது விட்ட இடத்தை எப்படிப் பிடிக்கிறார் என்பது. அடுத்த மேசையைப் பார்த்துக் கேட்கும் கேள்வி. கால்குலேட்டரில் மறுபடியும் கூட்டிப் பார்த்தால், மென்பொருளின் கூட்டலை அவர் நம்பவில்லை என்று பொருள். அதற்கு ஒரு பழைய சம்பவம் இருக்கும், கேட்டுப் பாருங்கள்.

கைகளையும் பாருங்கள். டேலி என்ற கணக்கு மென்பொருளில் பழகிய கணக்காளர் சுட்டியைத் தொடுவதே இல்லை. பணம் கொடுத்தால் எஃப்5, பணம் வந்தால் எஃப்6, ஜர்னலுக்கு எஃப்7, விற்பனைக்கு எஃப்8, கொள்முதலுக்கு எஃப்9 என்று விரல்கள் தாமாக ஓடும். கண் காகிதத்தில் இருக்கும். அப்படிப்பட்டவருக்கு அழகான நிறங்களோடு, ஒவ்வொரு கட்டத்துக்கும் சுட்டியால் சொடுக்க வேண்டிய ஒரு புதிய வலைத்திரையைக் கொடுத்தால் அவர் வேகம் குறைகிறது. அதைவிட முக்கியமாக, பல வருடத்தில் சேர்த்த தேர்ச்சி ஒரே நாளில் மதிப்பிழக்கிறது. அவர் "பழசே நல்லது" என்று சொல்லும்போது, அவர் இழந்தது என்ன என்று கேட்காமல் அதைப் பிடிவாதம் என்று எழுதிவிடுகிறோம். இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிற விஷயம்.

இனி நம் ஸ்டோர் கீப்பரின் நோட்டுக்கு வருவோம். சாயப்பட்டறையிலிருந்து வண்டி வருகிறது. ஓட்டுநருக்கு அடுத்த இடத்துக்குப் போக வேண்டும், சலானில் கையெழுத்து உடனே வேண்டும். மென்பொருளோ ஆர்டர் எண், லாட் எண் (ஒரே தடவையில் சாயமேற்றிய துணித் தொகுதியின் எண்), நிறம், எடை அத்தனையும் நிரப்பினால்தான் சேமிக்கும். லாட் எண் சலானில் தெளிவாக இல்லை. பட்டறை எழுதிய எடைக்கும் இங்கே தராசு காட்டும் எடைக்கும் வித்தியாசம் இருக்கிறது. எது சரி என்று பேசி முடிக்க மதியம் ஆகும். ஒருமுறை சேமித்துவிட்டால் திருத்த அவருக்கு அனுமதி கிடையாது, கணக்குப் பிரிவுக்குப் போய் நிற்க வேண்டும். நோட்டு மட்டும் அரைகுறைத் தகவலை ஏற்றுக்கொள்கிறது. பக்கத்தில் ஒரு மணி நேரமாவது உட்கார்ந்தால்தான் இது தெரியும், கேள்வித்தாளில் யாரும் எழுதித் தந்துவிட மாட்டார்கள்.

படி 5: கேட்க வேண்டிய விதத்தில் கேளுங்கள்

"வழக்கமாக என்ன செய்வீர்கள்?" என்று கேட்டால் விதிமுறை பதிலாக வரும். "கடைசியாக எப்போது இப்படி நடந்தது? அன்று முதலில் என்ன செய்தீர்கள்?" என்று கேட்டால் கதை வரும். "இந்த வசதி இருந்தால் பயன்படுத்துவீர்களா?" என்பதைக் கேட்கவே வேண்டாம். உங்களை வருத்தப்படுத்த விரும்பாமல் ஆமாம் என்பார்கள்.

எனக்குப் பிடித்த கேள்விகள் சில: "நீங்கள் ஒரு வாரம் லீவில் போனால் இங்கே எது நிற்கும்?" "இதில் தவறு நடந்தால் யாரைக் கூப்பிட்டுக் கேட்பார்கள்?" "இந்தப் பட்டியலை நீங்கள் போட்ட பிறகு யார் பார்க்கிறார்கள்?" கடைசிக் கேள்விக்கு "தெரியவில்லை" என்று பதில் வந்தால் அடிக்கோடிடுங்கள். யாரும் பார்ப்பதாகத் தெரியாத ஒன்றைக் கவனமாக நிரப்ப எந்த மனிதருக்கும் மனம் வராது.

கேட்டுவிட்டு அமைதியாக இருங்கள். அவர் யோசிக்கும் இடைவெளியை நீங்கள் நிரப்பினால், உங்கள் பதிலை அவர் வாயால் கேட்டுக்கொண்டு திரும்புவீர்கள்.

படி 6: கணினிப் பதிவுகளோடு ஒப்பிடுங்கள்

கண்ணால் பார்த்தது ஐந்தாறு பேரை. மற்றவர்களும் அப்படித்தானா என்பதை மென்பொருளின் பதிவுகள் சொல்லும். மைக்ரோசாப்ட் நிறுவனம் பயனர்களின் ஒப்புதலோடு திரட்டிய தரவில், வேர்டு 2003இல் அதிகம் பயன்பட்ட கட்டளை 'பேஸ்ட்' என்று தெரிந்தது. அது மட்டுமே மொத்தக் கட்டளைப் பயன்பாட்டில் 11 சதவீதத்துக்கும் மேல். பேஸ்ட், சேவ், காப்பி, அண்டூ, போல்டு ஆகிய ஐந்தும் சேர்ந்து ஏறக்குறைய 32 சதவீதம். நூற்றுக்கணக்கான வசதிகள் கொண்ட ஒரு மென்பொருளில் மூன்றில் ஒரு பங்கு வேலை ஐந்து பொத்தான்களில் முடிந்துவிடுகிறது. ஆபீஸ் 2007இன் திரை மாற்றத்துக்கு இத்தகைய தரவுகளும் அடிப்படையாக இருந்தன.

உங்கள் மென்பொருளில் பார்க்க வேண்டியவை: பதிவு ஏறிய நேரத்துக்கும் ஆவணத்தின் நேரத்துக்கும் உள்ள இடைவெளி, மாலை ஐந்து மணிக்கு மேல் குவியும் பதிவுகள், அடிக்கடி ரத்தாகும் பதிவுகள், எக்செலுக்கு ஏற்றுமதியாகும் அறிக்கைகள், ஒரே மதிப்பு திரும்பத் திரும்ப வரும் கட்டங்கள். எக்செல் ஏற்றுமதியைத் தனியாகத் துருவுங்கள். உங்கள் மென்பொருள் செய்து தராத ஏதோ ஒரு வேலை அந்தக் கோப்பில் நடக்கிறது.

பதிவு எதைச் சொல்லாது என்பதையும் மறக்கக்கூடாது. நான்கு பேர் ஒரே பாஸ்வேர்டில் வேலை செய்தால், பதிவில் தெரியும் 'கடும் உழைப்பாளி' அங்கே இல்லவே இல்லை. ஒரு திரை பத்து நிமிடம் திறந்திருந்தால் அவர் குழம்பினாரா, டீ குடிக்கப் போனாரா, போனில் பேசினாரா என்பது எண்ணில் தெரியாது.

படி 7: ஏன் என்ற கேள்விக்குள் இறங்குங்கள்

நடத்தையைப் பட்டியலிட்டதோடு பலர் நின்றுவிடுகிறார்கள். கடினமான பகுதி இனிமேல்தான். ஒரே செயலுக்கு இருவேறு நோக்கங்கள் இருக்கும். இரண்டு மெர்ச்சண்டைசர்கள் எக்செலில் ஆர்டர் நிலவரம் வைத்திருக்கிறார்கள். ஒருவருக்கு வெளிநாட்டு வாடிக்கையாளர் கேட்கும் வடிவத்தில் மென்பொருள் அறிக்கை தருவதில்லை. இன்னொருவருக்கு, தாமதமான ஆர்டர் முதலாளியின் கண்ணில் பட்டுத் திட்டு விழுவதற்கு முன் தானே சரிசெய்ய இரண்டு நாள் அவகாசம் வேண்டும். முதலாமவருக்குப் புதிய அறிக்கை போதும். இரண்டாமவருக்கு எத்தனை அறிக்கை கொடுத்தாலும் எக்செல் போகாது.

நான் முதலில் தேடுவது உழைப்புக்கும் பலனுக்கும் உள்ள தூரத்தை. ஜொனாதன் குருடின் 1988இல், குழுவாகப் பயன்படுத்தும் மென்பொருள்கள் ஏன் தோற்கின்றன என்று ஆராய்ந்தபோது இதைத்தான் சுட்டிக்காட்டினார். எல்லோரும் தங்கள் நாட்காட்டியைக் கணினியில் வைத்திருந்தால் கூட்டத்துக்கு நேரம் குறிப்பவருக்கு வசதி. ஆனால் அதைத் தினமும் நிரப்பும் சுமை மற்றவர்களுக்கு. பலன் ஒருவருக்கு, உழைப்பு இன்னொருவருக்கு. நம் நிறுவனத்தில் ஸ்டோர் கீப்பர் லாட் எண்ணைப் பதிவதால் பலன் பெறுபவர்கள் கணக்குப் பிரிவும் முதலாளியும்தான். அவருக்குக் கிடைப்பது கூடுதல் வேலை. ஒவ்வொரு கட்டாயக் கட்டத்துக்கும் எதிரே 'நிரப்புபவர் யார், பலன் யாருக்கு' என்று இரண்டு நெடுவரிசைகள் எழுதிப் பாருங்கள். மென்பொருளின் பாதி நோய் அந்த அட்டவணையில் தெரிந்துவிடும்.

அடுத்தது, நிறுவனம் எதற்குப் பரிசளிக்கிறது என்பது. வாண்டா ஆர்லிகோவ்ஸ்கி ஒரு பெரிய ஆலோசனை நிறுவனத்தில் லோட்டஸ் நோட்ஸ் அறிமுகமானதை ஆராய்ந்து 1992இல் எழுதினார். அறிவைப் பகிர்வதற்காக வாங்கிய மென்பொருள் அது. ஊழியர்களோ வாடிக்கையாளருக்குக் கணக்குக் காட்டக்கூடிய மணி நேரத்தால் மதிப்பிடப்பட்டார்கள். பதவி உயர்வுக்கு ஒருவரோடொருவர் போட்டியிட்டார்கள். மென்பொருளைக் கற்கும் நேரத்தை யார் கணக்கிலும் எழுத முடியாது. தனக்குத் தெரிந்ததைப் பகிர்ந்தால் தன் தனித்தன்மை போய்விடும். பகிர்வு பெரிதாக நடக்கவில்லை. மென்பொருளில் குறை தேடியிருந்தால் இந்தக் காரணம் கிடைத்திருக்காது.

பழி என்ற அச்சம் மூன்றாவது. இதைப் பற்றி ஊழியர்கள் தாமாகப் பேச மாட்டார்கள். தவறான பதிவுக்கு அவருடைய பெயர் என்றென்றும் திரையில் நிற்கும் என்றால், உறுதியாகத் தெரியும்வரை அவர் பதியமாட்டார். சரியான தகவல் வேண்டும் என்று வைத்த ஏற்பாடு தாமதமான தகவலைத் தருகிறது.

எச்சரிக்கைப் பெட்டிகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மருத்துவமனை மென்பொருள்கள் மருந்து தொடர்பாகக் காட்டும் எச்சரிக்கைகளை மருத்துவர்கள் 49 முதல் 96 சதவீதம் வரை தாண்டிச் சென்றதாக, பல ஆய்வுகளைத் தொகுத்து 2006இல் வெளியான ஒரு கட்டுரை சொன்னது. அலட்சியம் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் பெரும்பாலும் பொருந்தாத எச்சரிக்கையையே நாளெல்லாம் காட்டினால், எதையும் படிக்காமல் 'சரி' அழுத்தும் பழக்கத்தை மென்பொருளே கற்றுக்கொடுக்கிறது. மருந்து கொடுக்கும் முன் மருந்தையும் நோயாளியின் கைப்பட்டையையும் ஸ்கேன் செய்யும் பார்கோடு முறையை அமெரிக்க மருத்துவமனைகளில் செவிலியர்கள் சுற்றிச் செல்வதை ராஸ் கோப்பலும் சக ஆய்வாளர்களும் 2008இல் ஆராய்ந்தார்கள். 15 வகை மாற்றுவழிகளைக் கண்டார்கள், அவற்றுக்கு 31 வகைக் காரணங்களையும் கண்டார்கள். நோயாளியின் கைப்பட்டை கிழிந்திருக்கும். தொலைவிலுள்ள அறைக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு போக முடியாது. காரணங்களின் எண்ணிக்கை மாற்றுவழிகளின் எண்ணிக்கையைப் போல இரண்டு மடங்கு என்பதைக் கவனியுங்கள். செயலைத் தடை செய்தால் காரணங்கள் அப்படியே இருக்கும், வேறொரு வழி முளைக்கும்.

கற்றுக்கொள்ளும் விதத்திலும் ஒரு நோக்கம் இருக்கிறது. ஐ.பி.எம் நிறுவனத்தில் ஜான் கேரலும் மேரி பெத் ராசனும் 1987இல் எழுதியது இன்றைக்கும் பொருந்துகிறது. மக்கள் கையேட்டைப் படித்துவிட்டுத் தொடங்குவதில்லை, வேலையை உடனே முடிக்க இறங்கிவிடுகிறார்கள். பிறகு, தெரிந்த ஒரு வழி சுற்றுவழியாக இருந்தாலும் அதையே பிடித்துக்கொள்கிறார்கள். இன்று மாலைக்குள் இருபது பில் போட வேண்டியவருக்கு, நாளைக்கு நேரம் மிச்சப்படுத்தும் குறுக்குவழியைக் கற்க இன்றைக்கு நேரமில்லை. இரண்டு நாள் வகுப்பு நடத்துவதைவிட, அவர் வேலை செய்யும்போதே பக்கத்தில் இருந்து ஒரே ஒரு குறுக்குவழியைக் காட்டுவது மேல்.

திரையை எளிமையாக்கினால் எல்லாம் தீரும் என்று நினைப்பவர்கள் பிரெட் டேவிஸ் 1989இல் கண்டதையும் கணக்கில் எடுக்க வேண்டும். எளிதாக இருக்கிறதா என்பதைவிட, என் வேலைக்கு உதவுகிறதா என்ற எண்ணமே பயன்பாட்டோடு வலுவாக இணைந்திருந்தது. உதவுகிறது என்று நம்பினால் சிக்கலான மென்பொருளையும் கற்றுக்கொள்வார்கள். டேலியின் விசைகளை இத்தனை பேர் மனப்பாடம் செய்தது அதனால்தான்.

படி 8: நடத்தையை வைத்து வகைப்படுத்துங்கள்

ஒரு வகையைப் பிரதிநிதியாகக் காட்டும் கற்பனைப் பயனர்களை மென்பொருள் வடிவமைப்பில் பரவலாக்கியவர் ஆலன் கூப்பர். 1983இல் திட்ட மேலாண்மை மென்பொருள் ஒன்றை எழுதியபோது, அந்த வேலையைச் செய்பவர்களைச் சந்தித்து, அவர்களில் ஒருவராகத் தன்னைப் பாவித்துக்கொண்டு வடிவமைப்பை யோசித்ததிலிருந்து அந்த முறை வளர்ந்தது. இன்று பல இடங்களில் அது சீரழிந்திருக்கிறது. "34 வயது, இரண்டு குழந்தைகள், பயணம் பிடிக்கும்" என்று புகைப்படத்தோடு ஒட்டுகிறார்கள். எடைச் சீட்டைப் பதிவதற்கும் பயணம் பிடிப்பதற்கும் என்ன தொடர்பு?

வயதையும் பதவியையும் ஒதுக்கிவிட்டு அளவுகோல்களை எடுங்கள். வந்தவுடன் பதிபவரா, சேர்த்துப் பதிபவரா? விசைப்பலகையா, சுட்டியா? மென்பொருளின் கணக்கை நம்புபவரா, மறுபடி கூட்டுபவரா? பிரச்சினை வந்தால் பக்கத்து மேசையைக் கேட்பவரா, தானே நோண்டிப் பார்ப்பவரா? நீங்கள் பார்த்த ஒவ்வொருவரையும் இவற்றில் ஓர் இடத்தில் குறியுங்கள். சிலர் பல அளவுகோல்களில் ஒன்றாகவே வருவார்கள். அவர்கள் ஒரு வகை.

நம் நிறுவனத்தில் மூன்று வகைகள் தெளிவாகத் தெரியலாம். தகவல் முழுமையாகும்வரை பதியாமல் வைத்திருப்பவர். இவரை இயக்குவது பழி பற்றிய எச்சரிக்கை. வேகத்தில் பெருமை கொண்டவர். இவர் கையைத் தடுக்கும் எதையும் வெறுப்பார். தன் கணக்கைத் தனியாக வைத்திருப்பவர். இவருக்கு மற்றவர்கள் பார்ப்பதற்கு முன் சரிசெய்ய அவகாசம் வேண்டும். ஸ்டோர் கீப்பரும் ஜூனியர் மெர்ச்சண்டைசரும் ஒரே வகையில் வரக்கூடும். பதவிப் பட்டியல் அதைக் காட்டியிருக்காது. ஒவ்வொரு வகைக்கும் ஒரு பக்கத்தில் எழுதுங்கள்: என்ன செய்கிறார், எந்தச் சூழலில், என்ன கிடைக்க அல்லது எதைத் தவிர்க்க, நேரில் பார்த்த ஆதாரம் என்ன. ஆதாரம் இல்லாத வரியை அடித்துவிடுங்கள்.

படி 9: அவர்களிடமே திரும்பக் காட்டுங்கள்

எழுதியதைப் பெயர் நீக்கி, நீங்கள் பார்த்தவர்களிடம் படித்துக் காட்டுங்கள். "இது சரிதான், ஆனால்..." என்று தொடங்கும் வாக்கியங்கள்தான் இந்தப் படியின் பலன். சிறிய கூடத்தில் பெயரை நீக்கினாலும் ஆளை அடையாளம் காண முடியும். அப்படிப்பட்ட விவரத்தைச் சொன்னவர் சம்மதித்தால் ஒழிய வெளியே விடாதீர்கள்.

படி 10: மாற்றத்தைச் செய்து, பக்க விளைவைப் பாருங்கள்

கண்டறிந்த நோக்கத்துக்கு நேராக மாற்றம் இருக்க வேண்டும். தகவல் முழுமையாகாமல் பதியத் தயங்குபவருக்கு 'தற்காலிக வரவு' என்ற நிலையைத் தாருங்கள். சலான் எண்ணும் எடையும் மட்டும் போட்டுச் சேமிக்கலாம், லாட் எண் பிறகு வரலாம், அன்று இரவுவரை அவரே திருத்தலாம். பட்டறை எடை, நம் எடை இரண்டுக்கும் தனித்தனிக் கட்டம் வையுங்கள். வித்தியாசம் அவருடைய தவறு என்று தெரியாமல், தீர்க்க வேண்டிய விஷயமாகத் தெரியும். அவர் உழைப்புக்கு அவருக்கே ஒரு பலனும் கொடுங்கள். எந்தப் பட்டறையில் எத்தனை கிலோ துணி நிலுவையில் இருக்கிறது என்ற பட்டியல் அவருடைய முதல் திரையிலேயே வந்தால், தினமும் போன் போட்டுக் கேட்கும் வேலை அவருக்குக் குறையும்.

வேக விரும்பிக்கு விசைப்பலகையிலேயே முழுப் பதிவையும் முடிக்க வழி செய்யுங்கள், பழைய விசைகளை முடிந்தவரை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். தனிக் கணக்கு வைப்பவரின் விஷயத்தில் மென்பொருள் மட்டும் போதாது. தாமதமான ஆர்டர் முதலில் மெர்ச்சண்டைசருக்குத் தெரிந்து, குறித்த நேரத்துக்குப் பிறகே மேலே போகும் என்று நிர்வாகம் ஒப்புக்கொள்ள வேண்டும். திட்டுகிற வழக்கத்தை முதலாளி மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தால், அதை அறிக்கையில் மரியாதையாகவும் தெளிவாகவும் எழுதுங்கள். இந்தப் பத்தியை எழுதப் பலர் தயங்குவார்கள். ஆய்வின் மிகப் பயனுள்ள பத்தி அதுவாக இருக்கக்கூடும்.

மாற்றத்தை முதலில் ஒரு பிரிவில் மட்டும் விடுங்கள். வண்டி வந்த நேரத்துக்கும் பதிவு ஏறிய நேரத்துக்கும் உள்ள இடைவெளி, தற்காலிக வரவுகளில் எத்தனை முழுமையாகாமல் கிடக்கின்றன, எக்செல் ஏற்றுமதி குறைந்ததா ஆகிய மூன்றையும் வாரம்தோறும் பாருங்கள். முழுமையாகாத வரவுகள் குவிந்தால், அந்தச் சுமை கணக்குப் பிரிவின் மேசைக்கு நகர்ந்திருக்கிறது என்று பொருள். அப்போது கணக்குப் பிரிவில் போய் உட்காருங்கள். 20ஆம் தேதிக்கு முந்தின நாளாக இருந்தால் நல்லது.

படி 8இல் எழுதிய ஒவ்வொரு பக்கத்திலும் தேதி போட்டு வையுங்கள். புதிய வரி விதி, புதிய வாடிக்கையாளர், புதிய மேலாளர் என்று ஏதாவது ஒன்று வந்தால், அந்தப் பக்கங்களில் எது இன்னும் உண்மை என்று கூடத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த திரையை வரைய வேண்டும்.